கதவுக்கு வெளியே நின்றவர்

டாக்டருடைய காலணி அவளுக்கு இரண்டு அளவு பெரியது. விரல் பக்கம் பழைய துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டுதான் அவள் அவராக நடப்பாள்.

வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் வரும் மருத்துவமனைத் தொடர் அது. படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவது மட்டும்தான் ஒழுங்காகப் பதிவாகும். நடப்பது, உட்காருவது, கையுறையைக் கழற்றுவது, தம்ளரை வைப்பது எல்லாவற்றையும் பிற்பாடு ஓர் இருட்டறையில் திரையைப் பார்த்தபடி யாராவது செய்து சேர்க்க வேண்டும். அந்த யாராவது அவள்தான். அறையின் தரையில் கட்டம் கட்டமாகக் கல், பலகை, மணல், சரளை. சுவரோரம் எல்லா அளவிலும் காலணிகள். நடுவில் சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும், நிலையும் தாழ்ப்பாள்களுமாக நின்றுகொண்டிருக்கும். எந்த அறைக்கும் போகாத கதவு. புதிதாக வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனாலும் திறந்துகொண்டுதான் போவார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

ஸ்டூடியோவில் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியறியாதவளுக்கு வாய்த்த பட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவனைப் பாம்புச்செவி என்பார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாளா, பட்டினியா என்பதைக்கூட மைக் வழியாகவே கண்டுபிடித்துவிடுவான். "அக்கா, உங்க வயிறு தனியா வசனம் பேசுது. போய் எதையாவது தின்னுட்டு வாங்க" என்பான்.

தொடரின் கதாநாயகர் அறுவை சிகிச்சை நிபுணர். கெட்டிக்காரர், ஈரமில்லாதவர். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், படுக்கை எண்ணைச் சொல்வார். எதிரே யாராவது அழுதால், அழுது முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் இயக்குநர் அவளிடம் வந்து சொன்னார்:

"இந்த ஆளு நடையில சந்தேகமே இருக்கக் கூடாதும்மா. ஒரு ஐஸ் கட்டி நடந்து வந்தா எப்படி இருக்கும்? அப்படி."

"ஐஸ் கட்டி நடந்தா வழுக்கும் சார்," என்றான் பாம்புச்செவி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

"உன்னைக் கேட்டேனா?"

அவள் காலணியை மாட்டிக்கொண்டு கல் தரையில் நடந்து காட்டினாள். ஒவ்வோர் அடியும் முந்தின அடியை மறந்துவிட்டு விழுவதுபோல விழுந்தது. இயக்குநர் கைதட்டினார். அவளுக்குத்தான் கொஞ்சம் அச்சமாக இருந்தது. பிறருடைய நடையைப் பிடிக்க அவள் எவ்வளவோ பாடுபடுவாள். இது ஏற்கெனவே காலில் இருந்தது.

வீட்டில் அவளும் மகளும் மட்டும். மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். அப்பா வேறு ஊரில். ஒரு தட்டுகூட உடையாமல் முடிந்துபோன கல்யாணம் அது. அவருக்கு வாய் நிறையப் பேச்சு வேண்டும். அவளுக்கோ பேச்சு தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். "உன்கூட இருக்கறது மூடின கடைக்கு முன்னாடி நிக்கற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார், கோபமில்லாமல், வருத்தமாக. அவர் போன பிறகு கடை இன்னொரு பூட்டையும் போட்டுக்கொண்டது.

தொடர் தொடங்கிய புதிதில், ஒரு காலை, சிட்டு குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா கூப்பிடறாரும்மா. பரீட்சை முடிஞ்சதும் அங்கேயே வந்துடுன்னு. காலேஜும் அங்க நல்லா இருக்காம்."

"சரி."

"சரின்னா என்ன? போகட்டுமா?"

"உன் இஷ்டம்மா."

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ மிச்சம் இருக்கிறது, வரும் என்று காத்திருக்கிற முகம். ஒன்றும் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை, அவள் முடிவை அவளே எடுக்கட்டும், என் கண்ணீரை அவள் காலில் கட்டிவிடக் கூடாது என்றெல்லாம் தாய் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதைப் பெருந்தன்மை என்றே நம்பினாள். ஆனால் தெருவில் நடக்கும்போது, கையில் பிடித்திருந்த ஏதோ ஒன்றைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கியவள்போல, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குச் செய்யவேண்டியது எளிய காட்சி. டாக்டர் ஒரு சிறுமியின் படுக்கையருகே வருகிறார். பிழைப்பாள், மாட்டாள் என்று எதுவும் சொல்லாமல் வெளியே போகிறார். கதவு மூடுகிறது. திரையில் சிறுமியின் முகம் மட்டும். நடை தூரத்தில் தேய்ந்து மறைய வேண்டும். அவள் சுவரில்லாத கதவை மூடிவிட்டு நடந்தாள். நடந்துகொண்டே நினைப்பில் எங்கோ போய்விட்டாள். கால் நின்றது. திரும்பி ஓர் அடி வைத்தது. எங்கே இருக்கிறோம் என்பது அதன் பிறகே உறைக்க, மெல்ல விலகி நடந்தாள்.

தவறுதான். இன்னொரு முறை எடுக்கலாம் என்று கையைக் காட்டியிருக்க வேண்டும். அதற்குள் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. அவள் ஒரு காரணத்தோடுதான் செய்திருப்பாள் என்று எண்ணிப் பாம்புச்செவி அதை அப்படியே அனுப்பிவிட்டான். ஒளிபரப்பானபோதுதான் இயக்குநரே அந்த நடையைக் கேட்டார். மறுநாள் ஸ்டூடியோவுக்கு நேரே வந்து நின்றார்.

"என் டாக்டர் நிக்கமாட்டாம்மா! யாரு அவனை நிக்கச் சொன்னது?"

அவள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் வலிச்சிருக்கும் சார்," என்றான் பாம்புச்செவி. "என்ன இருந்தாலும் மனுஷன்தானே."

"நீ வாயை மூடு. காதை மட்டும் திறந்து வெச்சுக்கத்தான் உனக்குச் சம்பளம்."

ஆனால் அந்த வாரம் பஸ்ஸிலும் வரிசைகளிலும் அலுவலக வாசல்களிலும் இதே பேச்சு. அந்தக் கல்நெஞ்சம் ஏன் நின்றது? உள்ளே போக நினைத்ததோ? இயக்குநருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு பேட்டியில், அந்த நிறுத்தத்தைப் பற்றித் தான் நெடுங்காலம் யோசித்ததாகச் சொன்னார். முட்டையிட்டது கோழி, கொக்கரித்தது சேவல். தொடருக்கு எழுதுகிறவர்கள் ஒளிபரப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரக் கதையில் டாக்டர் அந்தச் சிறுமியின் பெயரை ஒரு தாதியிடம் கேட்டார். கேட்டது மட்டும்தான். சொல்லிக் கூப்பிடவில்லை.

"அம்மா, அவரு நின்னாரு தெரியுமா?" என்றாள் சிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது. வெகுநாளைக்குப் பிறகு அந்த மேஜையில் ஒரு முழு வாக்கியம். "கதவுக்கு வெளியே. ஒரு அடி திரும்பிக்கூட வந்தாரு. உள்ளே வரணும்னு ஆசை, ஆனா வரத் தெரியல."

"நடிகருக்குக் கால் இடறியிருக்கும்."

"உனக்கு ஒண்ணுமே புரியாதும்மா."

அது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா எங்கேயோ சத்தம் செய்து சம்பாதிக்கிறாள் என்பது சிட்டுவுக்குத் தெரியும். எந்தப் படம், எந்தத் தொடர் என்று அவள் கேட்டதில்லை, இவள் சொன்னதுமில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் மகள் கண் மின்னப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு யாருக்கோ போய்ச் சேர்வதாக நினைத்து அவள் பேச, அதைத் தாய் மறைந்து நின்று வாங்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் நின்றுவிடும். பிறர் வீட்டுக்கு வந்த தபாலைத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்கிறவளின் கூச்சமும் இனிப்பும் சேர்ந்து அவள் வாயை அடைத்தன.

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் தவறு இல்லை. தெரிந்தே செய்தாள்.

திரையில் டாக்டரின் முகம் எப்போதும்போல இறுகியிருக்கும். படச் சட்டத்துக்கு வெளியே அவர் கை ஒரு தம்ளரை நோயாளியின் பக்கத்தில் வைக்கும். கை தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். முன்பெல்லாம் டக்கென்று வைத்தவள், இப்போது அடியில் சுண்டுவிரலைக் கொடுத்து, தூங்குகிறவரை எழுப்பாதபடி வைத்தாள். அவர் குனியும்போது அங்கியின் சரசரப்பைக் கொஞ்சம் நீட்டினாள். அந்த ஒரு நொடியில் அவர் போர்வையை இழுத்துவிட்டாற்போல ஆயிற்று. ஒருநாள் அறுவை முடிந்து கையுறையைக் கழற்றுகிற சத்தத்தோடு, எங்கிருந்தோ அவளுடைய பெருமூச்சு ஒன்றும் சேர்ந்துகொண்டது.

சரியாகப் பதிவாகாத ஒரு வசனத்தைத் திரும்பச் சொல்ல நடிகரே ஒருநாள் வந்தார். வெளியில் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிற தடித்த மனிதர். திரையைப் பார்த்துவிட்டு, "நான் இந்த இடத்துல தயங்கவே இல்லையேம்மா!" என்றார். இன்னொரு முறை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறையும் கேட்டார். "தயங்கியிருக்கலாம் போல இருக்கே" என்றார். அடுத்த படப்பிடிப்பிலிருந்து அவர் முகமும் மெதுவாகக் கால் போன வழியே போகத் தொடங்கியது. உறைந்த குளத்துப் பனிக்கட்டி ஓரத்திலிருந்து இளகுவதுபோல வாரத்துக்கு வாரம் அந்த மனிதர் இளகினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருமுறை தவறு என்னுடையது என்றார். ஒருமுறை சிரிக்க முயன்று முடியாமல் விட்டார். ஊர் முழுக்க அந்த முயற்சிக்கு உருகிப்போனது.

வீட்டில் அவர் மூன்றாவது ஆளாகிவிட்டார். "டாக்டர் இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாரு?" என்பாள் சிட்டு. தாயும் பதில் சொல்வாள். அவரைப் பற்றி இருவரும் நிறையப் பேசினார்கள். தங்களைப் பற்றிப் பேசவில்லை.

விடுமுறை நாள் மதியத் தூக்கத்தில் அவர் அவள் கனவுக்குள் வந்தார். மழை இருட்டு. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த ஒருவரைப்போலக் காலணியைக் கழற்றினார். துணிச் சுருள் ஒன்று உருண்டு விழுந்தது. உள்ளே இருந்தவை அவளுடைய பாதங்கள். பெருவிரல் நகம் உடைந்தது உட்பட அவளுடையவையே. "எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டா நீ எதை வெச்சு நடப்பே?" என்று கேட்டார். கேட்டது நடிகரின் குரல் இல்லை. குரலே இல்லாத கேள்வி. விழித்தபோது மழை நிஜமாகவே பெய்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் சிட்டு தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "பச்சையா? இல்லப்பா, மஞ்சள் அடிங்க. சுவர் ஒண்ணு மட்டும் வெள்ளை." அந்த ஊரில் அவளுக்கென்று ஓர் அறை தயாராகிக்கொண்டிருந்தது.

அவள் படுத்தபடியே யோசித்தாள். அந்த இருட்டறையில், இன்னொருவர் காலணிக்குள் நிற்கும்போது கை தானாக மென்மையாகிறது. ஏன்? அங்கே கொடுப்பது தான் இல்லை. அதனால் வாங்கிக்கொள்ளாமல் யாராவது திருப்பித் தந்தாலும் அவமானம் தனக்கில்லை. அன்பு என்று அவள் வைத்திருந்ததில் பாதிக்கு மேல் இந்தப் பயம்தான் என்று தோன்றியது. தோன்றியதே தவிர எழுந்து போகவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

பரீட்சைகள் வந்தன. தொடரும் முடிவுக்கு வந்தது.

கடைசிக் காட்சியில் வசனமே இல்லை. சிறுமி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாள். காலிப் படுக்கைக்கு முன்னால் டாக்டர் தனியாக நிற்கிறார், போர்வையை மடிக்கிறார். கேமரா அவர் முதுகைத்தான் பார்க்கிறது. "எல்லாம் உங்க கையிலதாம்மா," என்றார் இயக்குநர், இப்போது மரியாதையாக. "அவன் அழல. ஆனா அழுத மாதிரி ஜனங்களுக்குக் கேக்கணும்."

அவள் போர்வையை எடுத்தாள். அன்று மகளுக்குக் கடைசிப் பரீட்சை. வாரக் கடைசியில் அப்பா வந்து அழைத்துப் போவார். முதல் மடிப்பு சரியாக வந்தது. இரண்டாவதில் துணியைத் தடவிக்கொடுத்தாள், சுருக்கம் எதுவும் இல்லாத இடத்தையும். மடித்ததை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஞ்சும் நூலும் அழுந்தும் சின்னச் சத்தம் மைக்கில் போயிற்று. திரையில் டாக்டர் எப்போதோ போய்விட்டார். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாம்புச்செவிக்குப் பக்கத்தில், காதில் ஹெட்போனோடு சிட்டு.

"வீட்டுச் சாவியை மறந்துட்டேன்னு வந்துச்சுக்கா," என்றான் பாம்புச்செவி ஒலிபெருக்கியில், குற்றம் செய்தவன்போல. "சும்மா உக்காரச் சொன்னேன். இது எந்தத் தொடர்னு அதுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது."

சிட்டு உள்ளே வந்தாள். சுவரில்லாத கதவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தாயின் காலில் இருந்த ஆண் காலணியைப் பார்த்தாள்.

"டாக்டர் நடக்கறது எல்லாம் நீயா?"

"ஆமா."

"அன்னிக்குக் கதவுக்கு வெளியே நின்னது?"

"நான்தான். தப்பா நின்னுட்டேன்."

"யாரை நினைச்சு நின்னே?"

பேச்சு தொண்டைவரை வந்தது. வழக்கமாகத் திரும்பும் இடம். "உன்னை," என்றாள்.

மகள் உருகிவிடுவாள் என்று யாராவது எதிர்பார்த்திருக்கலாம், பாம்புச்செவியாவது. சிட்டுவின் முகம் சிவந்தது.

"அப்போ என் கதவுகிட்ட ஒருநாளாவது நின்னியா?"

"நின்னேன். தினமும் நின்னேன்."

"எனக்குக் கேக்கவே இல்லையே!"

"சத்தம் வராம நிக்கத் தெரியும் எனக்கு."

"நல்லா இருக்கு." சிட்டுவின் குரல் உடைந்தது. "ஊருக்கே கேக்கற மாதிரி அந்த ஆளை நிக்க வெச்சே. முன்னே பின்னே தெரியாதவங்க எல்லாம் அழுதாங்க. எனக்கு மட்டும் சத்தம் வராமயா? நான் போறேன்னு சொன்னப்போ உன் இஷ்டம்னு சொன்னியே, வேலைக்காரங்களைக்கூட அப்படி அனுப்பமாட்டாங்க. போனா போன்னு நீ நினைக்கறேன்னுதானே நான் நினைச்சேன்?"

தாய்க்குச் சொல்ல எத்தனையோ நியாயங்கள் இருந்தன. உனக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று நினைத்தேன், உன் சுதந்திரம், உன் படிப்பு. ஒவ்வொன்றும் பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொன்றும் பூட்டு.

"போகாதே," என்றாள்.

அது நன்றாக வரவில்லை. எண்ணெய் போடாத கீல்போல வந்தது. அவள் தொழிலில் இப்படி ஒரு சத்தம் வந்தால் இன்னொரு முறை எடுப்பாள். எடுக்கவில்லை. "எனக்கு இஷ்டமில்ல. நீ போறது எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல."

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்புச்செவி தலையைக் குனிந்து, ஏதோ பொத்தானைத் தேடுகிறவன்போல நடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா பெயின்ட் எல்லாம் அடிச்சு முடிச்சிட்டாரு," என்றாள் சிட்டு.

"அடிக்கட்டும். சுவருக்கு நல்லதுதான்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவருகிட்ட சொல்லமாட்டேன்மா. பாவம், ரொம்ப ஆசையா இருக்காரு. அழுதுடுவாரு. வேணும்னா நீயே பேசு."

அவரோடு இவள் பேசி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வேண்டியதை எல்லாம் மகள் வழியாகவே சொல்லியனுப்பிப் பழகிவிட்டது. சிட்டு எண்ணை அழுத்தி நீட்டினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது.

"சொல்லுடா தங்கம்! பரீட்சை எப்படி?"

"நான்தான்," என்றாள் அவள்.

"குழந்தைக்கு என்ன?" என்று கேட்டார், பதறிப்போய்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்." நிறுத்தினாள். நிறுத்தினால் மறுபடியும் மூடிக்கொண்டுவிடும் என்று பயந்து அவசரமாகத் தொடர்ந்தாள். "அவளை அனுப்ப எனக்கு மனசு வரல. அவ இஷ்டம்னு நான் சொன்னது பொய். உங்களுக்கு ஆசை இருக்கும், தெரியும். இருந்தாலும் கேக்கறேன். அவ இங்க இருக்கட்டும்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்காருவது கேட்டது. தளர்ந்துபோய் உட்காருகிற சத்தம். அதற்கு நடிப்புத் தேவையில்லை.

"இப்படி நீ என்கிட்ட ஒருநாள் பேசியிருந்தா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதை அவள் முழுதாகக் கேட்டாள். முன்புபோலச் சட்டென்று வைத்துவிடாமல், தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவ என்ன சொல்றா?" என்றார் கடைசியில்.

"நீங்களே கேளுங்க."

சிட்டு தொலைபேசியை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய், காலணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா... இல்லப்பா, அம்மா திட்டல. லீவுக்கு வரேன்ப்பா, லீவு முழுக்க... நீங்க அழாதீங்க முதல்ல. மஞ்சள் ரூம்ல நான்தான் தூங்குவேன், வேற யாருக்கும் குடுக்காதீங்க..." அழுதுகொண்டே ஆறுதல் சொன்னாள். இந்தப் பேச்சு அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. நல்லவேளை என்று தாய் நினைத்தாள்.

அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போர்வையைக் கீழே வைத்தாள். மூலையில் ஒரு கனமான மர நாற்காலி இருந்தது. அதை முதுகைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள், பலகையைத் தாண்டி, சரளையைத் தாண்டி, கல் தரையின் மேல். அலறுகிற சத்தம். மைக் திறந்தே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்புச்செவி துள்ளியெழுந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.